ஈய பற்றரியும் லித்தியம் பற்றரியும்: சார்ஜ் ஏறும் விதம்

1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டுப் போன நம் சனங்களில் பலர் வன்னியில் தர்மபுரம் போன்ற இடங்களில் குடியேறினார்கள். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு அங்கே கரண்ட் இல்லை. ரேடியோ பற்றரிகூட தடைசெய்த சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். வாகன பற்றரி கிடைத்தவர்கள் அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது சோலார் வீடுகளுக்கு லித்தியம் பற்றரி வருகிறது. பழையதைப் பார்த்த மாதிரியே இதையும் பார்க்கலாமா? கூடாது.

ஈய பற்றரிக்குள் ஈயத் தகடும் அசிட் தண்ணியும் இருக்கும். 12 வோல்ட் என்றால் 2 வோல்ட் அறை ஆறு. முதல் 80 வீதம் சீக்கிரமா ஏறும். மிச்சம் 20 வீதம்தான் சுணங்கும். குடம் நிறையும் நேரத்தில் குழாயைக் குறைப்போமே, அது மாதிரி பல மணித்தியாலம் இழுக்கும். மழை மாதத்தில் நாள்கணக்கா அரைகுறையாக விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஈய பற்றரி அநேகமாகச் சாவது இந்தப் பட்டினியால்தான். இன்னொன்று: சார்ஜ் முடியும் நேரத்தில் ஐதரசன் வாயு கிளம்பும். லயத்து அறையில் அடுப்புக்கோ குப்பி விளக்குக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு பொறி போதும், வெடிக்கும்.

சோலாருக்கு வரும் லித்தியம் பெரும்பாலும் இரும்பு பொஸ்பேட் வகை, 3.2 வோல்ட் அறை நான்கு. இது கிட்டத்தட்ட கடைசி வரை ஒரே வேகத்தில் கரண்ட் வாங்கும். தண்ணி ஊற்றும் வேலை இல்லை. 100 பங்கு ஏற்றினால் 95 அளவில் திரும்பக் கிடைக்கும். ஈயத்தில் 80, 85தான். அரையோடு நின்றாலும் கெடாது. மூடுபனித் தோட்டங்களுக்கு இதுவே பொருத்தம் என்பது நம் எண்ணம், விலைதான் கூட.

ஆனால் பழைய சார்ஜரை அப்படியே மாட்ட வேண்டாம். சல்பேட்டைக் கரைக்க சில ஈய சார்ஜர்கள் 15 வோல்ட்டுக்கு மேலே ஏற்றும். லித்தியத்துக்கு 14.6 தான் எல்லை. உள்ளே இருக்கும் காவல் பலகை வெட்டிவிடும், சரி. தினமும் அதை நம்பியே ஓட்டலாமா? சோலார் கன்ட்ரோலரில் பற்றரி வகையை மாற்றித் தரச் சொல்லி, மாட்ட வருபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நுவரெலியாப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. சனவரி விடியலில் புல்லில் பனி உறையும் நாட்களில் லித்தியத்தை வெளியே வைத்து சார்ஜ் போடாதீர்கள். 0 பாகைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து பற்றரி கெட்டுப்போகும். வீட்டுக்குள் வைத்தால் பயமில்லை.