இடுப்புச் சுற்றளவும் ஈரல் கொழுப்பும்

வயிற்று வலிக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ எடுக்கப்படும் ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற வரி தென்பட்டால், குடிப்பழக்கம் இல்லாதவர் அது தமக்குரிய நோயன்று என்றும், ஒல்லியானவர் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்றும் ஒதுக்கிவிடுவது வழக்கம். இரண்டு எண்ணங்களும் தவறானவை. கல்லீரல் செல்களில் நூற்றுக்கு 5-க்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தேங்கும் இந்நிலை பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இன்றி வளர்ந்து, சிலருக்கு அழற்சியாகவும், பின்னர் தழும்பாகவும், இறுதியில் ஈரல் சுருங்கிப்போகும் சிரோசிஸாகவும் முற்றக்கூடும்.

இதன் வேர் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது கணையம் சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் ஈரலும் கொழுப்புத் திசுவும் முன்போல் செவிசாய்க்காமல் போவது. கொழுப்புத் திசு கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடாதபடி தடுப்பது இன்சுலினின் பணிகளுள் ஒன்று. அத்தடை தளரும்போது கொழுப்பு அமிலங்கள் ஈரலை நோக்கி வழிகின்றன. மிகையாகச் சுரந்த இன்சுலினோ மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றுமாறு அதே ஈரலைத் தூண்டுகிறது. தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கும் அரிய நோயாளிகளுக்கும் ஈரல் கொழுப்பும் கடும் சர்க்கரை நோயும் வருவதைக் கொண்டு, கேடு கொழுப்பின் அளவில் மட்டுமன்றி அது தங்கும் இடத்திலும் இருக்கிறது என்பது விளங்கும். பார்வைக்கு மெலிந்தும் உள்ளுக்குக் கொழுத்தும் இருக்கும் இந்திய உடலமைப்பைப் புனே மருத்துவர் யாக்னிக் 2004-இல் லான்செட் இதழில் எடுத்துக்காட்டினார். ஆகவேதான் உடல் நிறை குறியீட்டெண் 23 ஆனதுமே இந்தியருக்கு அதிக எடை எனக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லையாகிறது. தையற்கடை இஞ்சு டேப்பைக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றி, ஏறத்தாழ முப்பத்தைந்தரை இஞ்சையோ முப்பத்தொன்றரை இஞ்சையோ தாண்டுகிறதா என வீட்டிலேயே பார்க்கலாம்.

எடையில் 5 விழுக்காடு குறைந்தால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணியும், தழும்பும் பின்வாங்க வாய்ப்புண்டு. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 4 முதல் 8 கிலோ மட்டுமே. ஒல்லியானவருக்கு அதனினும் குறைவே போதும். எடைத் தராசு அசையாவிட்டாலும் உழைப்பு வீணாவதில்லை என்பதற்குச் சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும்: சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர்; உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில், எடை பெரிதாகக் குறையாத நிலையிலும், அது 39 விழுக்காடாகவே நின்றது.

உணவு மாற்றம் என்றால், தருமபுரி மாவட்டத்தில் கரும்பும் மரவள்ளியும் விளையும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துக்கு ராகிக் களி புதிதன்று. மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் வந்தது. ஆயினும் கேழ்வரகும் மாவுச்சத்தே ஆதலால், களி உருண்டையைச் சிறிதாக்கி, கீரையையும் பயறையும் கூட்டுவதே பயன் தரும். பட்டினி கிடந்து வேகமாக இளைப்பவருக்குத் தசை கரையும், பித்தக்கல் தோன்றும். சர்க்கரை மாத்திரை உண்பவருக்குத் தாழ்சர்க்கரை மயக்கமும் நேரலாம். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைவதே பாதுகாப்பானது.

'ஈரலைச் சுத்தம் செய்யும்' பொடிகளும் இளைக்கவைக்கும் சாறுகளும் சில வேளைகளில் ஈரலையே கெடுப்பதால், அவற்றுக்கு எதிரான சட்டத்தை மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். சர்க்கரை நோயையும் உடற்பருமனையும் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஏமாற்று விளம்பரம் பற்றி 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

கொழுப்பு ஈரல் நோயை 2021-இல் ஒன்றிய அரசு தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. 30 வயதைக் கடந்தோரிடம் நிரப்பப்படும் அத்திட்டப் படிவத்தில் இடுப்பளவுக்கென்றே ஓர் இடம் உண்டு என்பதால், துணை சுகாதார நிலையத்தில் அதை அளக்கும்படி கேட்பது சலுகை கோருவதாகாது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியரிடமும், சர்க்கரை மாத்திரை வாங்கும்போதே இடுப்பை அளக்கும்படி கேட்கலாம். தழும்பு விழுந்திருக்க வாய்ப்புண்டா என்பதை வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் ஈரல் நொதி அளவுகள், இரத்தப் பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கைக் கொண்டு மருத்துவர் கணக்கிடும் 'ஃபிப்-4' மதிப்பு உணர்த்தும். 65 வயதுக்கு உட்பட்டவருக்கு அது 1.3-க்குக் கீழிருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, மிகுந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குப் பரிந்துரை கேட்க வேண்டும். அப்போது பழைய அறிக்கைகள் கையில் இல்லையெனில், முன்பு உள்நோயாளியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் கோரிக்கை கிடைத்த 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரக் கடமைப்பட்டவர் என 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன.