வண்ண இறால் தொட்டி: காணும் கண்ணும் தொடும் கையும்

நோய் தேறி வீடு திரும்பியவருக்குப் பகற்பொழுது நீண்டதாகத் தோன்றும். வீட்டில் ஏதேனும் ஓர் உயிரினம் இருந்தால் மனத்துக்கு ஆறுதலாக இருக்குமே என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. நாய்க்கோ பூனைக்கோ இடமில்லாத வீடுகளில், சிறிய கண்ணாடித் தொட்டியில் வளரும் நன்னீர் வண்ண இறால்கள் நல்ல தேர்வாகும். அவை ஓசை எழுப்புவதில்லை, உரோமம் உதிர்ப்பதில்லை. ஆயினும் தொட்டியை வாங்குமுன் ஒன்றை முடிவுசெய்தல் வேண்டும். தொட்டியைக் கண்டு மகிழ்பவர் யார்? அதன் நீரில் கைவைப்பவர் யார்? சில வீடுகளில் இவ்விருவரும் ஒருவராக இருத்தல் கூடாது.

முதன்முறை வளர்ப்போருக்கு ஏற்றது சிவப்புச் செர்ரி இறால். கிழக்காசியாவின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமே வளரும். ஓராண்டு முதல் ஈராண்டு வரை வாழும். பெண் இறால் ஏறத்தாழ 20 முதல் 30 முட்டைகளைத் தன் வயிற்றடியில் சுமந்து, கால்களால் விசிறிக் காக்கும். மூன்று நான்கு வாரங்களில் தாயின் வடிவிலேயே மிகச் சிறிய குஞ்சுகள் வெளிவரும். பாசியை மேய்வதற்குப் பெயர்பெற்ற அமானோ இறாலின் குஞ்சுகள் வளர உப்பு கலந்த நீர் தேவை. ஆதலால் அவை வீட்டுத் தொட்டியில் எளிதில் பெருகுவதில்லை. செர்ரி இறாலுக்கு அத்தகைய தேவை இல்லை.

இருபது லிட்டர் தொட்டியும் பத்து இறால்களும் தொடக்கத்துக்குப் போதும். கடைக்காரர்கள் ‘ஸ்பாஞ்ச் ஃபில்டர்’ என்று கூறும் பஞ்சு வடிகட்டியே உகந்தது. அது குஞ்சுகளை உள்ளிழுத்துக் கொள்ளாது. தொட்டியையும் இறாலையும் ஒரே நாளில் வாங்கிவருதல் தவறு. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா இறாலுக்கு நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை நீரும் செடிகளும் மட்டுமே தொட்டியில் இருத்தல் வேண்டும். வெறும் நீர்தானே என்று பொறுமை இழந்து இறாலை விடுவோர், சில நாள்களிலேயே அவற்றை இழக்க நேரிடும். தேறிவருபவரின் கண்முன் உயிர்கள் ஒவ்வொன்றாக மடிவது நாம் நாடிய ஆறுதலுக்கு நேர்மாறானது.

இறாலைக் கொல்வன பெரும்பாலும் நம் வீட்டுப் பொருள்களே. கொசுவை ஒழிக்க நாம் பயன்படுத்தும் சுருள், திரவம், தெளிப்பான் ஆகியவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளைப் போலவே இறால்களையும் தாக்கும். தொட்டியுள்ள அறையில் அவற்றைத் தவிர்த்தல் நலம். மீன் நோய்க்கான மருந்துகள் சிலவற்றில் உள்ள செம்பும் அவ்வாறே. குழாய்நீரிலுள்ள குளோரினை நீக்கிய பின்னரே நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீரை மட்டும் பயன்படுத்தினால் ஓடு உருவாவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிட்டாது. வெப்பநிலை 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று. நம் கோடையில் சன்னல் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடமே தொட்டிக்கு ஏற்றது.

ஒருநாள் காலையில் தொட்டியின் அடியில் இறால் ஒன்று அசைவின்றிக் கிடப்பதாகத் தோன்றலாம். உடனே வருந்த வேண்டியதில்லை. இறால் வளர்வதற்காகத் தன் ஓட்டை அவ்வப்போது கழற்றிவிடும். கண்ணாடிபோல் நிறமற்றிருந்தால் அது வெற்று ஓடு. புதிய ஓடு இறுகும்வரை இறால் செடிகளுக்கிடையே மறைந்திருக்கும். அதனைத் தேடிக் கலைக்கக் கூடாது. கழற்றிய ஓட்டையும் எடுத்துவிட வேண்டா. சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதனை உண்ணும்.

இனி, நோயாளரைப் பற்றியது. தொட்டிநீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி இருக்கக்கூடும். தோலிலுள்ள சிறு கீறல் வழியே அது புகுந்தால், சில வாரங்கள் கழித்து விரலிலோ கையிலோ கட்டியோ ஆறாத புண்ணோ தோன்றும். மருந்தால் குணமாகும்; ஆனால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். ஆகவே கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர், கையில் புண்ணோ மருந்தேற்றும் குழாயோ உள்ளோர் ஆகியோர் தொட்டிநீரைத் தொடலாகாது. பிறரும் நீளமான கையுறை அணிந்து, பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீரிறைத்தல் கூடாது. தொட்டிப் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவுதலும் கூடாது. ஆறாத புண்ணுடன் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், வீட்டில் இறால் தொட்டி இருப்பதை மறவாமல் தெரிவியுங்கள். அந்த ஒரு செய்தி நோயை விரைவில் கண்டறிய உதவும். இறால் உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் இறால் கலந்த மீன்தீனியையும் கையாளாதிருத்தல் நல்லது.

அவ்வாறாயின் நோயாளருக்கு இதில் பங்கில்லையா? நிச்சயம் உண்டு. வெப்பமானியைப் பார்த்துக் குறித்தல், முட்டை சுமக்கும் இறாலைக் கண்டறிந்து நாள் கணக்கிடுதல், இட்ட உணவு இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்ததா எனக் கவனித்தல் ஆகியவை கண்ணாலும் ஒரு குறிப்பேட்டாலும் செய்யத்தக்க பணிகள். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும் வேலையை மகனோ மகளோ பேரனோ ஏற்றுக்கொள்ளட்டும். எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு நோயாளரிடம் இருக்கட்டும்.

இறால்கள் பெருகி மிகுந்துவிட்டால் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள்; வளர்ப்பு இறால்கள் ஹவாய்த் தீவுகளிலும் ஜெர்மனியிலும் இயற்கை நீர்நிலைகளில் குடியேறிவிட்டன. வளர்க்க விரும்பும் நண்பருக்கோ கடைக்காரருக்கோ அவற்றை அளித்துவிடலாம். தொட்டி வாங்கும் எண்ணம் இருப்பின், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போதே உங்கள் மருத்துவரிடம் அதனைக் கூறுங்கள். நீரைத் தொடலாமா, காண்பதோடு நிற்க வேண்டுமா என்பதை உங்கள் உடல்நிலையை அறிந்து அவர் சொல்லுவார்.