அணை கட்டிய அமைச்சர்... அரசு மருத்துவமனை பொது வார்டில்! - கக்கனின் கதை

மதுரை அரசு மருத்துவமனை. சிகிச்சையில் இருந்த முன்னாள் மேயர் முத்துவை நலம் விசாரிக்க வந்திருந்தார் முதல்வர் எம்.ஜி.ஆர். அங்கேதான், பொது வார்டில் கக்கனும் இருக்கும் விஷயம் அவருக்குத் தெரியவந்தது. அதிர்ந்துபோனார்.

மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908-ல் பிறந்தவர் கக்கன். 1939-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். 1957 முதல் பத்து ஆண்டுகள் அமைச்சர். பொதுப்பணி, விவசாயம், உள்துறை என முக்கியத் துறைகள் அவர் கையில் இருந்தன. 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித்துறை அமைச்சர் அவர்தான். சொந்த ஊரான மேலூர் வட்டாரமும் பெரியாறு - வைகைப் பாசனத்தை நம்பியிருக்கும் பூமிதான்.

1967 தேர்தலில் தோற்றார். பதவி போனது, கையில் சேமிப்பென்று ஏதும் இல்லை. எம்.ஜி.ஆர். உத்தரவால் அரசு உதவி கிடைத்தது. 1981-ல் மறைந்தார்.

ஊர் வயலுக்குத் தண்ணீர் கிடைக்க உழைத்தவர், தனக்கென எதையும் தேக்கி வைக்கவில்லை!