முதியோரின் நுரையீரல் காசநோய்: மருத்துவ முறை

நுரையீரல் காசநோய் என்பது மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் நுண்ணுயிரியால் உண்டாகும் தொற்றுநோய். இளமையில் உடலில் புகுந்து பல ஆண்டுகள் உறங்கிக்கிடக்கும் கிருமி, முதுமையாலும் நீரிழிவாலும் எதிர்ப்பாற்றல் குறையும்போது தலைதூக்குவதுண்டு. இக்கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த உறை உண்டு. மிக மெதுவாகவே பெருகும். எனவே ஒருவார மருந்துக்கு இது அடங்காது.

முதியவர்களிடம் அறிகுறிகள் தெளிவாக இருப்பதில்லை. காய்ச்சலோ சளியில் இரத்தமோ இல்லாமல், பசியின்மை, எடைக்குறைவு, சோர்வு மட்டுமே தெரியலாம். ஓரிக்கை போன்ற நெசவு ஊர்களில் "தறித் தூசு, வயசும் ஆச்சு" என்று இருமலைத் தள்ளிவிடுவது எளிது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை தேவை.

ஒரு காலத்தில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைப்பதே வழக்கம். தாம்பரம் சானடோரியம் 1928இல் தொடங்கியது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிமருத்துவ மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) இவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. நல்ல உணவும் ஓய்வும் பெற்ற சானடோரிய நோயாளிகளைப் போலவே, வீட்டிலிருந்து மருந்துண்ட ஏழைகளும் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோருக்கு அதனால் தொற்று மிகவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

இன்று ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் இரண்டு மாதம். பிறகு பைராசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் நான்கு மாதம். அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். முதியவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பைராசினமைடு முதலியவற்றால் கல்லீரல் பாதிக்கப்படலாம். வாந்தி, மஞ்சள் கண் தோன்றினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எத்தாம்பியூட்டால் பார்வையைக் குறைக்கலாம். கண்புரை என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. ஐசோனியாசிட்டால் வரும் கால் மதமதப்பைத் தடுக்க பைரிடாக்சின் தருவர். ரிபாம்பிசின் சில நீரிழிவு மாத்திரைகளின் வலிமையைக் குறைப்பதால், சர்க்கரை ஏறலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதும் அம்மருந்தால்தான். இரத்தம் என்று அஞ்சி மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு எதிர்ப்புப் பெறும்.

ரிபாம்பிசினுக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் மருந்து தேவைப்பட்டது. சில ஊசிகள் செவித்திறனைக் கெடுத்தன. பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிபிளாக்சசின் கொண்ட ஆறு மாத முறையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதிலும் இதயத் துடிப்பையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடனே உடல் எடை, மூச்சு வேகம், ஆக்சிசன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவை பார்க்கப்படுகின்றன. நிலை மோசமானவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர்.