உங்களுக்குத் தெரியுமா? – எக்செல் சேட்டைகள்

● எக்செல்லில் 1900 பிப்ரவரி 29 என்று அடித்துப் பாருங்கள். மறுபேச்சில்லாமல் தேதியாக ஏற்றுக்கொள்ளும். அப்படியொரு நாளே கிடையாது! நூற்றாண்டு வருடம் 400-ஆல் மீதியின்றி வகுபட்டால்தான் லீப் வருடம், 1900 வகுபடாது. எக்செல்லுக்கு இது வந்தது லோட்டஸ் 1-2-3-இலிருந்து. அப்போது சந்தையைப் பிடித்து வைத்திருந்தது அந்த விரிதாள் மென்பொருள்தான். அதில் போட்ட கணக்குகள் இங்கேயும் மாறாமல் வர வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே இந்தத் தப்பைச் சேர்த்துக்கொண்டது. இன்றுவரை திருத்தவில்லை, திருத்தினால் பழைய கோப்புகளில் தேதிகளெல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

● லோட்டஸுக்கும் மூத்தது விசிகால்க். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வந்தது. ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்தார். அங்கே பிறந்த யோசனையை நிரலாக எழுதியவர் நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன். இருவரும் காப்புரிமை வாங்கவில்லை.

● வட்ட விளக்கப்படமான ‘பை சார்ட்’ கணினிக்கும் முந்தையது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1801-லேயே கையால் வரைந்து அச்சிட்டுவிட்டார்.

● பவர்பாயின்ட் முதலில் வந்தது விண்டோஸுக்கு அல்ல, ஆப்பிளின் மேகின்டாஷுக்கு. ஆண்டு 1987. அதே ஆண்டில் 1.4 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது.

● மனித மரபணு ஒன்றுக்கு ‘மார்ச்1’ என்று பெயர் இருந்தது. எக்செல்லில் அதை அடித்த மாத்திரத்தில் மார்ச் முதல் தேதியாகிவிடும். ‘செப்ட்1’ செப்டம்பர் ஆகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளோடு இணைத்த பட்டியல்களில்கூட இப்படித் தேதிகள் புகுந்துவிட்டன. எக்செல் வழிக்கு வராது என்று கண்ட பெயர்சூட்டும் குழு, கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்றியது: மார்ச்1 ‘மார்ச்எஃப்1’ ஆனது, செப்ட்1 ‘செப்டின்1’ ஆனது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் கொடுத்தது. ரொம்பச் சீக்கிரம்!

● இதில் சிரிக்க ஒன்றுமில்லை: 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் கொரோனா கணக்கில் 15,841 தொற்றாளர்கள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. ஒவ்வொருவருக்கும் பல வரிகள் தேவைப்பட்டதால் இடம் சீக்கிரமே தீர்ந்துபோனது. மிச்சம் விழுந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. விடுபட்டவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. 2007 முதல் வந்த கோப்பு வகையில் 10,48,576 வரிகள் உண்டு. அதை யாரும் எடுக்காததுதான் கொடுமை.

● எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்க டெபிட் கார்டு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். சங்கக் கணக்கோ சீட்டுக் கணக்கோ, இம்மாதிரி எண்களை ஏற்றும் முன் அந்தக் கட்டங்களை ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால், போன இலக்கம் திரும்பி வராது.