தண்ணீரை வடித்தால் தெம்பு கூடும்

என்ஸைம்களுக்குத் தண்ணீர்தான் உயிர் என்பது பாடப்புத்தக வாக்கு. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அலெக்ஸி ஸாக்ஸ், அலெக்ஸாண்டர் கிளிபனாவ் ஆகியோர் அதை அசைத்துப் பார்த்தார்கள். பன்றிக் கணையத்தின் லைபேஸ் என்ஸைம் 100 டிகிரி வெப்பத்தில், நீருள்ள கரைசலில் உடனே செத்துவிடுகிறது. ஏறக்குறைய நீரே இல்லாத கரிமத் திரவத்திலோ மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தது.

இதில் மருந்துத் தொழிலுக்கு என்ன லாபம்? பல மருந்து மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள். இபுபுரூஃபெனில் வலியைத் தணிப்பது பெரும்பாலும் ஒரு வடிவம்தான். இரண்டில் ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்து வினைபுரிய வைக்கும் சாமர்த்தியம் லைபேஸுக்கு உண்டு. நீர் மிகுந்திருந்தால் கொழுப்பை உடைக்கும் அதே லைபேஸ், நீர் குறைந்தால் அமிலத்தையும் ஆல்கஹாலையும் இணைத்து எஸ்டராக்குகிறது.

சிக்கல், உலர்த்துவதில் இருக்கிறது. உறையவைத்து நீரை உறிஞ்சும் வழக்கமான முறையில் என்ஸைமின் மடிப்புகள் குலைகின்றன; வேகம் படுத்துவிடுகிறது. முற்றிலும் வறட்டினாலும் ஆபத்து. என்ஸைமின் மேல் மெல்லிய நீர்ப்போர்வை மிஞ்ச வேண்டும். இல்லையேல் அது விறைத்துப்போகும். கடைசியாக இருந்த கரைசலின் அமில-காரத் தன்மையையும் அது 'நினைவில்' வைத்திருப்பதால், உலர்த்தும் முன்பே அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

மாற்று வழியை 1998இல் காட்டியது ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம். சிலிக்கா போன்ற தாங்கியில் ஒட்டவைத்த என்ஸைமை புரொபனாலில் அலசி நீரை வெளியேற்றுவது. உறையவைத்த தூளைவிடப் பல மடங்கு வேகம் கிடைத்தது.

இந்தியாவில் இந்தத் துறையில் முன்னோடிகளில் ஒருவர், டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த முனீஷ்வர் நாத் குப்தா. 2004இல் அவரது குழு காட்டாமணக்கு எண்ணெயை லைபேஸால் பயோடீசலாக்கியது. தாங்கியில் பதித்த என்ஸைமோடு சொட்டு நீரும் சேர்ந்தபோது விளைச்சல் கூடியது. தண்ணீர் அறவே வேண்டாம் என்பதல்ல, அளவறிந்து வேண்டும் என்பதுதான் பாடம்.

என்ஸைம் மலிவல்ல. காரமும் அமிலமும் ஊற்றிச் சமைக்கும் ஆலையோடு அது போட்டியிட வேண்டுமானால், ஒரே என்ஸைமை வடிகட்டித் திரும்பத் திரும்ப வேலை வாங்க வேண்டும். அதற்கு ஏற்றபடி அதைத் தயாரிப்பதில்தான், கழிவைக் குறைக்க விரும்பும் தொழிற்சாலையின் கணக்கு நேராகும்.