மிருணாள் எழுதிய கடிதம்

ஒரு பெண் எந்த நடையில் பேசுகிறாளோ அதிலேயே அவள் தன்னை யாராக உணர்கிறாள் என்பதும் தெரிந்துவிடும். இதை அழுத்தமாகக் காட்டிய சிறுகதை, ரவீந்திரநாத் தாகூரின் ‘ஸ்த்ரீர் பத்ர’. மனைவியின் கடிதம் என்பது பொருள். பிரமத சௌதுரி 1914இல் கொல்கத்தாவில் தொடங்கிய ‘சபுஜ் பத்ர’ இதழில் அதே ஆண்டு வெளிவந்தது.

அன்றைய வங்காள உரைநடை பெரும்பாலும் ‘சாது பாஷை’ எனும் ஏட்டு நடையில் இருந்தது. ‘செய்திருக்கிறேன்’ என்பது அதில் ‘கொரியாச்சி’. வீட்டுப் பேச்சில் ‘கொரேச்சி’. பேச்சு வழக்குக்கு இலக்கியத்தில் இடம் கேட்டுப் போராடிய இதழ் சபுஜ் பத்ர. தாகூர் அவ்வழக்கில் எழுதிய முதல் சிறுகதை இதுவே என்பார்கள்.

கொல்கத்தாவின் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு இரண்டாம் மருமகள் மிருணாள். அவள் ரகசியமாகக் கவிதை எழுதுவது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மூத்த ஓரகத்தியின் தங்கை பிந்து, போக்கிடமில்லாமல் அங்கே வருகிறாள். பித்துப் பிடித்தவனுக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். அவள் தீக்குளித்து இறக்கிறாள். பூரிக்குப் போன மிருணாள், பதினைந்து வருட மணவாழ்வில் முதன்முறையாகக் கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். வழக்கம்போல் அவன் பாதங்களை வணங்கித் தொடங்கும் கடிதம், அந்தப் பாதங்களின் நிழலை விட்டு விலகியவளின் சொந்தப் பெயரோடு முடிகிறது. நடுவே அவள் பேசுவதெல்லாம் வீட்டு மொழிதான். இரண்டாம் மருமகள் என்ற உறவுப்பெயர் உதிர்ந்து, மிருணாள் என்ற பெண் எழுகிறாள். இக்கதைக்கு மறுப்பாக விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பால் ஒரு கதையே எழுதினார்.

இதே காலத்தில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலும் வீட்டுப் பேச்சு இலக்கியத்துக்குள் வந்தது. ஆண்களின் வேதக் கல்விக்கு எபிரேயம். அடுக்களைக்கும் சந்தைக்கும் இத்திஷ். ஷோலம் அலெய்க்கெம் 1901இல் எழுதிய ‘பானை’ கதையில் யெந்தே என்ற விதவை, மதகுருவான ரப்பியிடம் ஒரு சந்தேகம் கேட்கப் போய், மூச்சுவிடாமல் தன் வாழ்க்கையையே சொல்லித் தீர்க்கிறாள். பின்னாளில் ஐசக் பஷேவிஸ் சிங்கர் படைத்த யெந்தல், வேதம் படிப்பதற்காக ஆண் உடை தரித்து, ஆணாகவே வாழ்கிறாள்.

இந்தக் கதைகளை எழுதிய மூவரும் ஆண்கள். வங்காளப் பெண்களின் வீட்டு வாழ்க்கையைப் பெண்ணாகவே நின்று விரிவாக எழுதிய ஆஷாபூர்ணா தேவிக்கு 1976இல் ஞானபீட விருது கிடைத்தது.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு வங்காளம் தெருவிலும் கடையிலும் பழகிய மொழி. மிருணாள் எழுதியதும் அந்தப் பேச்சு மொழியில்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இக்கதையை மூலத்திலேயே படிக்க வேண்டும்.